நெடுஞ்சாலை 19: ஒரு லுத்தரன் விவசாயியின் அடக்கம்

வியாழன், இரவு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸிலிருந்து 212-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், நார்வுட் யங் அமெரிக்காவில் தெற்கே திரும்ப வேண்டும். 1997-இல் இரண்டு ஊர்கள் ஒன்றானபோது எந்தப் பெயரையும் விட மனமில்லாமல் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். அப்புறம் கிரீன் ஐல், ஆர்லிங்டன், கேலார்ட். அங்கே 19-ஆம் நெடுஞ்சாலை வந்து சேரும். வின்த்ராப், கிப்பன் தாண்டி, ஃபேர்ஃபாக்ஸுக்கு முன்னால் ஒரு சரளை ரோட்டில் திரும்பினால் நண்பனுடைய வீடு.

செவ்வாய்க்கிழமை அவன் அப்பா போய்விட்டார். வயது 78. மனைவியையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்பிவிட்டு, ஆபீஸில் கைமாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு இன்று மாலைதான் கிளம்பினான். அந்த நிலைமையில் அவனை ஓட்டவிட எனக்கு மனம் வரவில்லை. "நான் ஓட்டுறேன், திங்கள் வரைக்கும் லீவு போட்டிருக்கேன்" என்றேன். மறுப்பான் என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டான்.

இந்தப் பக்கம் ரோடுகள் எல்லாம் நேர்கோடு. ஒரு மைலுக்கு ஒரு ரோடு, குறுக்கே ஒரு மைலுக்கு ஒரு ரோடு. நடுவில் இருக்கும் சதுர மைலுக்கு செக்‌ஷன் என்று பெயர், 640 ஏக்கர். 36 செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். செக்‌ஷனில் கால்வாசி 160 ஏக்கர். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அளவு அது. ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம்.

சும்மா கிடந்த நிலம் இல்லை. இது டகோட்டா என்ற பூர்வகுடி மக்களுடைய மண். 1851-இல் டிராவர்ஸ் டெ சூ ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். பேசிய பணம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. சட்டம் வந்த அதே 1862-இல், ஆகஸ்ட் மாதம், பசி முற்றிச் சண்டை வெடித்தது. ஃபேர்ஃபாக்ஸுக்குத் தெற்கே இருக்கும் ரிட்ஜ்லி கோட்டையை டகோட்டாக்கள் இரண்டு முறை தாக்கினார்கள். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கில் போட்டார்கள். மிச்சமிருந்தவர்களை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஜெர்மானியப் பகுதியான போமரேனியாவிலிருந்து நண்பனின் முன்னோர்கள் பைபிளும் ஞானப்பாட்டுப் புத்தகமுமாக வந்து இறங்கினார்கள். இதை அவனே சொன்னான். "அப்பா இதைப் பத்திப் பேச மாட்டார். ஆனா கோட்டைப் பக்கம் போனா தொப்பியைக் கழட்டிடுவார்" என்றான்.

இருட்டில் வயல்களில் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. அக்டோபர், சோயா அறுப்பு. ராத்திரி பத்து மணிக்கும் மெஷின் ஓடுகிறது.

வீட்டில் அவன் அம்மா முழித்திருந்தார். சமையலறை மேடை முழுக்க மூடி போட்ட பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டி, கொடுத்தவர் பெயர் எழுதியிருந்தது. யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று அம்மா ஒரு நோட்டிலும் குறித்து வைத்திருந்தார். பாத்திரம் மாறிப் போய்விடக் கூடாதாம். எனக்கு ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். ஊரில் தினமும் மதியம் 12 மணிக்குச் சங்கு ஊதும். வயல் வரைக்கும் கேட்கும். 55 வருஷமாகச் சங்கு ஊதிய ஐந்தாவது நிமிஷம் அவர் கை கழுவிக்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமை 12.20 ஆகியும் வரவில்லை. "அப்பவே தெரிஞ்சுது. அடுப்பை அணைச்சுட்டுத்தான் போனேன்" என்றார். கொட்டகையில், அறுவடை மெஷின் பக்கத்தில், கிரீஸ் அடிக்கும் துப்பாக்கி கையில் இருக்க, உட்கார்ந்த வாக்கில் இருந்திருக்கிறார்.

வெள்ளி

காலையில் நண்பனோடு நிலத்தைச் சுற்றி வந்தேன். வீடு, காலி மாட்டுக் கொட்டகை, மாட்டுத் தீவனம் சேமித்த, இப்போது உபயோகம் நின்றுபோன சைலோ, மூன்று இரும்புக் குதிர்கள், காற்றைத் தடுக்க நட்ட மரவரிசை. 240 ஏக்கர். நம் கணக்கில் ஜமீன். இங்கே இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைப்பது கஷ்டம். பாதி மக்காச்சோளம், பாதி சோயா, அடுத்த வருஷம் மாற்றிப் போடுவது. 2022 விவசாயக் கணக்கெடுப்புப்படி அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 58.1. இந்த டவுன்ஷிப்பில் நண்பனின் அப்பாவைவிட மூத்தவர்கள் இருவர் இன்னும் டிராக்டர் ஓட்டுகிறார்கள்.

240-இல் 80 ஏக்கர் 1979-இல் வாங்கியது. அந்த வருஷத்தைச் சொன்னாலே இங்கே வயசானவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எழுபதுகளில் தானிய விலை ஏறியது, நில விலையும் கூடவே ஏறியது, வங்கி கூப்பிட்டுக் கடன் கொடுத்தது. 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் சோவியத்துக்குத் தானியம் விற்பதை அதிபர் கார்ட்டர் நிறுத்தினார். அந்த டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது. பக்கத்து அயோவாவில் 1981-க்கும் 1987-க்கும் நடுவே நில விலை 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மினசோட்டாவிலும் பாதிக்குக் கீழே போனது. கடனுக்கு ஈடாக வைத்த நிலம் கடனில் பாதிகூட பெறாது என்றால் வங்கி என்ன செய்யும்? ஏலம்தான். இந்த வீட்டில் ஏலம் வரவில்லை. அப்பா மாடுகளைக் கூட்டினார், அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போனார், நண்பனுக்குப் பத்து வயது வரை புதுச் சட்டை கிடையாது.

கொட்டகை அலமாரியில் விதைக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் பாக்கெட் நோட்டுகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. நண்பன் 1985-ஐ உருவினான். பென்சில் எழுத்து. மழை எத்தனை அங்குலம், பால் எத்தனை பவுண்டு, டீசல். ஞாயிறுதோறும் "சபை" என்று ஒரு வரி. ஜனவரியில் 15 டாலர், மார்ச்சில் 10, கோடையில் 5, ஒரு வாரம் 2. பூஜ்யம் என்று எந்த ஞாயிறும் இல்லை. அதே பக்கத்தில் வங்கிக்குக் கட்ட வேண்டியது எழுதியிருந்தது. அந்தத் தொகையைப் பார்த்தால் இரண்டு டாலரைக் கோயிலில் போட்டவனைப் பைத்தியம் என்பேன். எனக்குப் பக்தி கிடையாது, அதனால் அப்படித் தோன்றலாம். நண்பன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் புரட்டினான்.

தெற்கு மூலையில் ஓரிடத்தில் மட்டும் சோயா குட்டையாக, இன்னும் பச்சையாக நின்றது. "இதுதான் சித்தப்பா மூலை" என்றான்.

தெற்கு மினசோட்டா மண் பனியாறுகள் விட்டுப்போனது. கறுப்பு, கொழுப்பு. ஆனால் தண்ணீர் வடியாது. முன்பு இது முக்கால்வாசி சதுப்பும் புல்வெளியும். நிலத்துக்கு அடியில் மூன்று நான்கு அடி ஆழத்தில் குழாய் புதைத்து, தண்ணீரை ஓடைக்கு வடித்துத்தான் வயலாக்கினார்கள். பழைய குழாய்கள் சுட்ட மண்ணால் ஆனவை. அண்ணன் நிலத்தின் குழாய் தம்பி நிலத்தின் வழியாகத்தான் ஓடைக்குப் போகிறது. 1993-இல் மிட்வெஸ்ட் முழுக்க வெள்ளம். பழைய குழாய் தாங்கவில்லை. பெரிய பிளாஸ்டிக் குழாயாகப் போடலாம், செலவில் பாதி பாதி என்றார் தம்பி. கடனிலிருந்து அப்போதுதான் தலையைத் தூக்கியிருந்த அண்ணன், ஒட்டுப் போட்டால் போதும் என்றார். வார்த்தை தடித்தது. அதற்கப்புறம் பேச்சில்லை. இரண்டு பேரும் ஒரே சபை. அண்ணன் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு, தம்பி வலப்பக்கம் ஐந்தாவது பெஞ்சு. இருவரும் காணிக்கைத் தட்டு எடுக்கும் முறைக்காரர்கள். ஒரே மாதம் வந்துவிடாமல் பட்டியல் போடுவது ஒவ்வொரு போதகருக்கும் வந்த முதல் பாடமாம்.

மாலை நான்கிலிருந்து ஏழு வரை அடக்க இல்லத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. யாரும் அழவில்லை. முன்னால் நின்றவர்கள் ஈரப்பதம் பேசினார்கள். சோயா 13 சதவீதத்துக்கு வந்துவிட்டதா, யாருக்கு எத்தனை ஏக்கர் பாக்கி, செவ்வாய்க்கிழமை மழை என்கிறார்களே. பெட்டியருகே வந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் நண்பன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா வாக்கு வாக்குதான்" என்றார். அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார்.

கோட்டு போட்டுப் படுத்திருந்தார். நான் பார்த்தது அவர் கையைத்தான். வலது கை மோதிர விரல் இரண்டாவது கணுவோடு முடிந்திருந்தது. மக்காச்சோளக் கதிர் பறிக்கும் பழைய மெஷினில் தட்டை சிக்கிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தாமல் கையால் இழுத்தால் உருளை இழுத்துக்கொள்ளும். இவர் தலைமுறையில் வரிசையில் நின்ற கைகளை எண்ணினால் பத்து விரலும் முழுசாக இல்லாதவர்கள் இன்னும் சிலர் தென்பட்டார்கள். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. அடக்க இல்லத்துக்காரர் எவ்வளவோ தேய்த்தும் போகவில்லையாம். "விடுங்க, அதுதான் அவர்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

மேஜையில் ஒரு பெட்டி. வந்தவர்கள் கார்டுக்குள் பத்தோ இருபதோ டாலர் வைத்துப் போடுகிறார்கள். யார் எவ்வளவு என்று வீட்டில் எழுதி வைத்து நன்றிக் கடிதம் போடுவார்கள். நம்ம மொய் நோட்டேதான். திரும்பிச் செய்ய வேண்டியதும் அப்படியே.

சனி

அடக்கம் 11 மணிக்கு. நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். வெள்ளை மரக்கோயில், ஒற்றைக் கோபுரம், மூன்று பக்கமும் வயல், ஒரு பக்கம் கல்லறைத் தோட்டம். வெளியே இருந்து பார்த்தால் இங்கே எல்லா லுத்தரன் கோயிலும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே மூன்று கட்சி. 1988-இல் பல சபைகள் சேர்ந்து உண்டான பெரிய, தாராளமான சபை ஒன்று. 1847-இல் சிகாகோவில் ஜெர்மானியர்கள் தொடங்கிய மிசௌரி சினாட் (சினாட் என்றால் சபைகளின் கூட்டமைப்பு) இரண்டாவது. அதைவிடக் கறாரான விஸ்கான்சின் சினாட் மூன்றாவது. மிசௌரியும் விஸ்கான்சினும் ஒரு காலத்தில் தோழர்கள். 1961-இல் விஸ்கான்சின் உறவை முறித்துக்கொண்டது. இவர் மிசௌரி. அம்மா பிறந்த வீடு விஸ்கான்சின். இரண்டு பக்கமும் ஒரே லுத்தர், ஒரே ஞானோபதேசம். ஆனாலும் கல்யாணத்தின்போது அம்மாவின் அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

போதகர் இளைஞர். சபைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஆரம்பப் பக்கங்கள் பழைய ஜெர்மன் எழுத்தில். முதல் உலகப் போரின்போது மினசோட்டாவில் பொதுப் பாதுகாப்பு கமிஷன் என்று ஒன்றை அமைத்து ஜெர்மன் பேசியவர்களைச் சந்தேகத்தோடு கண்காணித்தார்கள். அதற்கப்புறம் பல சபைகளைப்போல இங்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலம் வந்தது. இவருடைய வரிகள் நான்கு இடத்தில் இருக்கின்றன. பிறந்த பதினைந்தாம் நாள் ஞானஸ்நானம். 14 வயதில் திடப்படுத்தல், அதாவது தன் விசுவாசத்தைச் சபை முன்னால் தானே அறிக்கையிடும் சடங்கு. கல்யாணம். நான்காவது வரியைப் போதகர் அன்று காலையில்தான் எழுதியிருந்தார், மை இன்னும் பளபளத்தது. நான்கும் இதே கட்டடத்தில். பிறந்த வீட்டுக்கும் இந்தக் கோயிலுக்கும் இரண்டே முக்கால் மைல்.

மணியடித்தது. வருஷத்துக்கு ஒன்று என்று வயதை மணியில் அடிப்பது இங்கே பழைய வழக்கம். கயிற்றைப் பிடித்தது எட்டாம் வகுப்புப் பையன். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். முப்பதுக்கு மேல் அவன் உதடு எண்ணிக்கொண்டே அசைந்தது. இன்னொரு பையன் பக்கத்தில் பேப்பரில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான், எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று. வெளியே கார் நிறுத்தியவர்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

பெட்டியை மூடி, மேலே வெள்ளைத் துணி போர்த்தினார்கள். ஞானஸ்நானத்தின் வெள்ளை உடைக்கு அடையாளம். துணி பெட்டியை முழுக்க மறைத்துவிடுகிறது. விலை உயர்ந்த பெட்டியா, மலிவுப் பெட்டியா என்று தெரியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

ஆராதனையில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. யாரும் எழுந்து அவரைப் புகழவில்லை. நல்ல தகப்பன், உழைப்பாளி, ஊருக்கு உபகாரி என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்தச் சபையில் அடக்கத்தில் பேச்சு கிறிஸ்துவைப் பற்றித்தான். செத்தவர் புகழ் பாடுவதற்கு இடமில்லை. போதகர் எடுத்த வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 2:10. "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்." திடப்படுத்தல் அன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் போதகர் ஒரு வசனம் கொடுப்பார். வாழ்நாள் முழுக்க அது அவர்களுடையது. அடக்கத்தின்போது அதையே எடுத்துப் பேசுவார்கள். 1960-இல், 14 வயதில், புதுச் செருப்பு கடிக்க நின்றுகொண்டிருந்த பையனிடம் கொடுத்துவைத்த வசனம், 64 வருஷம் கழித்து அவன் பெட்டிக்கு முன்னால் வாசிக்கப்படுகிறது. நடுவில் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதாக நண்பனுக்கு ஞாபகமில்லை. ஆனால் எந்த வசனம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படுக்கையறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

அப்புறம் பாடினார்கள். நாள் முழுக்க வாய் திறக்காத ஆட்கள் நான்கு குரலில் பிரிந்து பாடினார்கள். பின்வரிசையில் விதைக் கம்பெனித் தொப்பியை மடியில் வைத்திருந்த முரட்டு ஆள் அடிக்குரலில் துல்லியமாகப் பிடித்தார். சித்தப்பா வலப்பக்கம் ஐந்தாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். குடும்பத்தோடு முன்னால் வரச்சொல்லி அம்மா ஆள் அனுப்பினாராம். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

குழிக்குப் பெட்டியைத் தூக்கிப்போனார்கள். பழைய கற்களில் ஜெர்மன், புதிய கற்களில் டிராக்டர் படம். ஒரு ஓரத்தில் முழங்கால் உயரச் சின்னக் கற்கள் ஒரு வரிசை, எல்லாம் 1880-கள், எல்லாம் குழந்தைகள். போதகர் மண்ணைக் கையில் எடுத்துச் சிலுவையாகத் தூவினார். ஜெபம். எல்லோரும் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பெட்டியை இறக்குவதைக் குடும்பம் நின்று பார்ப்பதில்லை. கடைசிப் பிடி மண் போடாமல் எப்படிப் போவது என்று எனக்குக் கால் நகரவில்லை. நின்றேன். வேலையாட்கள் கான்கிரீட் தொட்டிக்குள் பெட்டியை இறக்கி மூடி போட்டார்கள். குழியின் சுவர் கத்தியால் வெட்டினதுபோலத் தெரிந்தது: மேலே இரண்டடிக்குக் கன்னங்கரேல், அதற்குக் கீழே மஞ்சள் களிமண். இன்னொருவரும் நின்றிருந்தார். சித்தப்பா. குனிந்து, வெட்டிப்போட்ட களிமண்ணில் ஒரு கட்டியை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தார். போட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கீழ்த்தளத்தில் சாப்பாடு. வெண்ணெய் தடவிய பன்னில் ஹாம், உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய், ஜெல்லி, ஏழெட்டு விதத் தட்டு இனிப்பு. பெரிய டிரம்மில் காப்பி. அதைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, ஆனால் நான்கு கப் குடித்தேன். பெண்கள் முறை போட்டுப் பரிமாறுகிறார்கள். செத்தவருடைய சொந்தம் மட்டும் அன்று சமையலறைக்குள் போகக் கூடாது. அம்மா இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

எதிரே உட்கார்ந்த தொண்ணூறு வயதுப் பாட்டி, நான் இந்தியாவா என்று கேட்டார். ஆமாம், தமிழ்நாடு என்றேன். "ஆம்பூர்?" என்றார்.

கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. மிசௌரி சினாட் 1895-இல் வெளிநாட்டு ஊழியத்தைத் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான். அப்புறம் ஆம்பூர், நாகர்கோவில். ஆம்பூரின் பெதஸ்தா ஆஸ்பத்திரி அவர்கள் கட்டியது. இங்கே பெண்கள் சங்கத்தில் 1942-இலிருந்து சின்ன அட்டை உண்டியல் கொடுப்பார்கள், வீட்டில் வைத்துச் சில்லறை போட. பாட்டி முட்டை விற்ற காசைப் போட்டாராம். ஆம்பூர் நர்ஸ்களின் புகைப்படம் பத்திரிகையில் வரும், அந்தச் சேலைகள் கண்ணிலேயே நிற்கின்றன என்றார். "இவனும் போடுவான்" என்று மேலே, கல்லறைத் தோட்டம் இருந்த பக்கம், கையைக் காட்டினார். "ஞாயிறு பள்ளியில நான்தான் டீச்சர். இவன் போடற காசுல சாணி ஒட்டியிருக்கும்." அந்த ஆஸ்பத்திரி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

ஞாயிறு

நல்ல வெயில், காய்ந்த காற்று. சோயா அறுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. செவ்வாய் மழை உறுதி என்று ரேடியோ சொல்லிவிட்டது. சுற்றிலும் சில வயல்களில் மெஷின் ஓடியது. இந்தச் சபைக்காரர்கள் வயலில் ஓடவில்லை. இப்போது இளையவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமையும் அறுக்கிறார்கள், போதகர் கண்டிப்பதில்லை. ஆனால் இவர் அறுத்ததில்லை, அதனால் இவர் நிலத்தில் இன்று யாரும் இறங்க மாட்டார்கள் என்றான் நண்பன்.

ஆராதனைக்குப் போனேன். நற்கருணைக்கு எல்லோரும் முன்னால் போக, நான் பெஞ்சிலேயே இருந்தேன். இந்தச் சபையில் வெளியாள் எடுக்கக் கூடாது, எனக்கு எடுக்கும் உத்தேசமும் இல்லை. காணிக்கைத் தட்டு வந்தது. இங்கே ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு எண், எண்ணும் தேதியும் அச்சிட்ட உறைகள் வருஷத்துக்கு ஒரு கட்டு. அம்மா பையிலிருந்து இரண்டு உறை எடுத்தார். ஒன்று இறந்தவருடையது. மாதம் பிறந்ததும் எல்லா ஞாயிறுக்கும் நிரப்பி, ஒட்டி வைத்துவிடுவாராம். அக்டோபருக்கு இன்னும் இரண்டு மீதி இருக்கிறதாம்.

திங்கள்

எட்டரை மணிக்குப் பனி உலரக் காத்திருந்தோம். ஒன்பதரைக்கு முதல் மெஷின் சரளை ரோட்டில் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. ஜான் டியர் கம்பெனியின் பச்சை நான்கு, கேஸ் கம்பெனியின் சிவப்பு மூன்று. தானிய வண்டிகள், லாரிகள், டீசல் டேங்கர் ஒன்று. யாரும் கூப்பிடவில்லை, யாரும் அனுமதி கேட்கவுமில்லை. எலிவேட்டரில், அதாவது தானியத்தை எடை போட்டு வாங்கும் கிடங்கில், நின்று யாரோ இருவர் பேசி, யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரவர் வயலில் அறுக்க வேண்டியது நிற்கிறது, நாளை மழை. கணக்குப் பார்த்தால் இன்று ஒவ்வொருவருக்கும் பணத்தில் நஷ்டம்தான்.

ஒரு மெஷினின் கேபினில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். முன்னால் 40 அடி அகலத்துக்குக் கத்தி. சோயா காய்கள் சரசரவென்று உள்ளே போக, பின்னால் புழுதி மேகம். திரையில் ஏக்கருக்கு எத்தனை புஷல் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு புஷல் சோயா 60 பவுண்டு, நம் கணக்கில் 27 கிலோ. தானிய வண்டி பக்கத்திலேயே அதே வேகத்தில் ஓடிவர, நிற்காமல் குழாய் வழியாகக் கொட்டினார். ஓட்டியவர் மொத்தம் மூன்று வாக்கியம் பேசியிருப்பார். அதில் ஒன்று, 1998-இல் பன்றி விலை அடிமட்டத்துக்குப் போனபோது இறந்தவர் தனக்குத் தீவனம் கடனாகக் கொடுத்ததும், எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்காததும்.

சிவப்பு மெஷின்களில் மூன்றாவது சித்தப்பாவுடையது. நேரே தெற்கு மூலைக்குப் போனார். அதை வேறு யாரும் எடுக்கவில்லை.

மதியச் சங்கு ஊதும்போது சோயா முடிந்திருந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்து சாண்ட்விச்சும் தட்டு இனிப்பும் வைத்தார்கள். எலிவேட்டரிலிருந்து எடைச் சீட்டுகள் வந்தன. ஈரப்பதம் 12.4, 12.6, ஒன்று மட்டும் 15.1. எல்லாவற்றிலும் அவர் பெயரே அச்சாகியிருந்தது. வக்கீல் சொல்லி மாற்ற வேண்டும் என்றான் நண்பன். நிலத்தை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் விவசாயத்துக்குத் திரும்பப் போவதில்லை. குத்தகைக்கு விடுவார்கள். மணியடித்த பையனின் அப்பா கேட்பார் என்று தோன்றுகிறது.

சித்தப்பா கடைசியாக வந்தார். முட்டி வரை சேறு. மெஷின் அந்த மூலையில் புதைந்து, இன்னொரு டிராக்டர் வந்து இழுக்க வேண்டியதாகிவிட்டது. அம்மா காப்பியை நீட்டினார். வாங்கிக்கொண்டார். 15.1 என்ற சீட்டை நண்பன் கையிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"குழாய் அடைச்சிருக்கு. 93-லயே சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க" என்றார் அம்மா.

மக்காச்சோளம் இன்னும் 21 சதவீதத்தில் நிற்கிறது. மழை விட்டு இரண்டு வாரம் காய்ந்தால் மறுபடி வருவார்களாம். எனக்கு நாளை ஆபீஸ். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். பின்சீட்டில் மூன்று பாத்திரம். அடியில் டேப்பில் பெயர் இருக்கிறது, கழுவித் திருப்பி அனுப்ப வேண்டும்.